மறைவு: வருகிற வெள்ளி

இனிமேல் வராது என்று சொல்லிவிட்டால் போதும். அதைச் சொல்லத்தான் விடியற்காலை ரயிலில் சென்னையிலிருந்து கிளம்பி ஈரோட்டுக்கு வந்து, இந்தப் பட்டுக்கடையின் இரண்டாவது மாடியில், வெள்ளைத் துணி போர்த்திய மெத்தையில் காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் விளம்பரம் இனிமேல் அந்தப் படத்துக்குக் கீழே வராதுங்க ஐயா. ஐயா என்பதா சார் என்பதா, இந்த ஊரில் எப்படிச் சொன்னால் மரியாதை என்று சேலம் வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தேன், ஏதோ அது ஒன்றுதான் தீராத பிரச்சினை மாதிரி. பொன்னாத்தா பட்டு மாளிகையின் முதலாளி நாச்சிமுத்து சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் தலை சாய்த்திருக்கிறாராம், எழுந்ததும் வருவாராம். எனக்கும் சோறு போட்டுவிட்டார்கள். அரிசிம்பருப்பு சாதம், அதன் மேல் கணக்குப் பார்க்காமல் ஊற்றிய நெய், கத்தரிக்காய்ப் பொரியல். வேண்டாம் வேண்டாம் என்று இலைக்குக் குறுக்கே கையை நீட்டினால் கைக்கு அந்தப் பக்கமாகப் போட்டுவிட்டுப் போகிறார்கள். திட்டு வாங்க வந்தவளுக்கு முதலில் சோறு போட்டுவிடுகிற ஊர். இப்போது ஏசிக் காற்று பிடரியில் விழுகிறது, நெய் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது, கூரை ஸ்பீக்கரில் நாதஸ்வரம் மெல்லிசாக வாசித்துக்கொண்டே இருந்து திடீரென்று கெட்டிமேளம் ஆகிறது. யாருக்கும் கல்யாணம் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் என் கை அட்சதையைத் தேடுகிறது. தூங்கிவிடக் கூடாது, தமயந்தி. தூங்கினால் காரியம் கெட்டது.

என் வேலைக்குப் பெயரே நம்பிக்கை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அட்டையில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறார்கள். எல்லார் கையிலும் இருக்கிற ஒரு சமூக வலைத்தளத்தின் சென்னை அலுவலகத்தில், விளம்பரம் கொடுக்கிறவர்களின் நம்பிக்கையைப் பார்த்துக்கொள்ளும் பிரிவுக்கு நான் மேலாளர். நம்பிக்கையில் தூசு விழுந்தால் துடைத்து மறுபடி அலமாரியில் வைக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் என் கணவர், நம்பிக்கை நட்சத்திரம் வந்தாச்சு, காபி போடுப்பா என்று தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொண்டு சமையலறைக்குள் போவார். இந்தத் தடவை விழுந்தது தூசு இல்லை. ஒரு படம். கறுப்புக் கரை கட்டி, மேலே கண்ணீர் அஞ்சலி என்று பெரிதாகப் போட்டு, நடுவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருக்கிறாள், சுற்றிலும் ரோஜா மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே தோற்றம் ஒரு தேதி, மறைவு ஒரு தேதி. ஆழ்ந்த வருத்தத்துடன் ஊர்ப் பொதுமக்கள். விரலால் கொஞ்சம் மேலே தள்ளினால் பொன்னாத்தா பட்டு மாளிகையின் முகூர்த்தப் பட்டுத் திருவிழா, மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டு. இழவு வீட்டு வாசலில் கல்யாணப் பத்திரிகை ஒட்டியது போல இருக்கிறது, எந்த முதலாளிக்குத்தான் வயிறு எரியாது. ஆனால் முதலாளி மாலையைப் பார்த்தவுடன் முகத்தைத் திருப்பிக்கொண்டவர், அதற்குமேல் படிக்கவில்லை. மறைவு என்று போட்டிருக்கிற தேதி வருகிற வெள்ளிக்கிழமை. இன்றைக்குப் புதன். அதுவும் அவர் குறித்த நாள்தான், பொன் கெடைச்சாலும் புதன் கெடைக்காதுங்க, புதன்கெழமையே வந்துருங்க என்று போனில் சொன்னார். படத்தில் இருக்கிற பெண்ணின் பெயர் தாரணி. இருபத்தாறு வயது. உயிரோடு இருக்கிறாள்.

"அக்கா, சும்மாவே உக்காந்திருக்கீங்களே, ரெண்டு விரிக்கட்டுங்களா?" என்கிறாள் இந்தப் பிரிவில் சேலை காட்டுகிற பிரேமா. "நான் வாங்க வரலைம்மா." "வாங்கோணும்னு யாருங்க்கா சொன்னது, பாக்கறதுக்கு என்னங்க." அவள் கையை வீசினால் சேலை தானே தரையை நோக்கி ஓடுகிறது. வாடாமல்லி. அதன் மேல் மாம்பழ மஞ்சள். அதன் மேல் மயில் கழுத்து, ஒரு பக்கம் பார்த்தால் நீலம், தலையைச் சாய்த்தால் பச்சை. பட்டுக்கு ஒரு வாசனை இருக்கிறது, புதுக் கஞ்சியும் பழைய பெட்டியும் கலந்த மாதிரி, மூக்கில் ஏறினால் தூக்கம் இன்னும் ஒரு படி இறங்குகிறது. சரிகையை விரலால் தடவுகிறேன், சொரசொரக்கிறது, நல்ல வேளை, அது ஒன்றுதான் என்னை விழிப்பாக வைத்திருக்கிறது. இதே நிறங்களை நான் தாரணியின் கொடியில் பார்த்திருக்கிறேன். நாலு நாளாக அவளுடைய பழைய காணொளிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் வாய்க்கால் படியில் இறங்குவாள், ஒரு வெள்ளைக் கைக்குட்டையை முக்கிப் பிழிவாள், வீட்டுக் கொடியில் காயப்போட்டு கிளிப் மாட்டுவாள். பேசவே மாட்டாள். இன்றைய நிறம் இது, அவ்வளவுதான் பதிவு. ஒரு நாள் வாடாமல்லி, ஒரு நாள் மயில் கழுத்து, ஒரு நாள் பெயர் சொல்ல முடியாத ஒரு பழுப்பு. மேலே எங்கேயோ சாயப்பட்டறைக்காரர்கள் ராத்திரியில் திறந்துவிட்டது காலையில் அவள் கொடியில் தொங்கும். எந்தப் பட்டறையின் பெயரையும் அவள் சொன்னதில்லை, யாரையும் திட்டியதில்லை. கொடி நிறையக் கைக்குட்டை ஆடிக்கொண்டிருக்கும், பார்க்க ஏதோ திருவிழா மாதிரி இருக்கும். அதைத்தான் யாராலோ பொறுக்க முடியவில்லை.

"அக்கா, நான் தாரணி பேசறேனுங்க. செத்துப்போன தாரணி." அப்படித்தான் ஆரம்பித்தாள். நான் அலுவலக மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். "பட்டுக்கடையில போன் எடுத்தவங்க உங்க நம்பரைக் குடுத்தாங்க. உங்க கம்பெனிக்கு எழுதி எழுதிப் பார்த்தேனுங்க்கா, பதில் வருது, ஆனா மனுசன் எழுதுன மாதிரியே இல்லீங்க. அப்பறந்தான் பார்த்தேன், என் படத்துக்குக் கீழ பட்டுச்சீலை விளம்பரம். சரி, காசு குடுக்கறவங்க சொன்னாத்தான் கேப்பாங்கன்னு கடைக்குப் போனைப் போட்டு, உங்க சீலை என் சாவுக்குக் கீழ வருதுங்கன்னு சொன்னேன். உடனே உங்க நம்பர் கெடைச்சுதுங்க." கெட்டிக்காரி. எங்கள் கம்பெனியில் பல வருஷம் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டதை அவள் வாய்க்கால் படியில் உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டாள். அந்தப் படத்தின் கீழே கூட்டம் கூட்டமாக வந்து ஆழ்ந்த இரங்கல் என்று எழுதியதும், எங்கள் இயந்திரம் தாரணி காலமாகிவிட்டதாக முடிவுகட்டி, அவள் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றிப் பூட்டிவிட்டது. இந்தத் துயரமான நேரத்தில் உங்கள் குடும்பத்தினருக்கு எங்கள் ஆறுதல் என்று அவளுக்கே செய்தி அனுப்பியிருக்கிறது. "நான் உசுரோடதான் இருக்கறேன்னு எங்கீங்க்கா போயி எழுதறது?" மேட்டூரிலிருந்து சித்தி மாலையோடு வந்து இறங்கிவிட்டாளாம், வாசலில் தாரணியே தண்ணீர்ச் சொம்போடு வரவும் மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தாளாம். அதைச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், படத்தைப் போட்டது யாரென்று கம்பெனிதான் சொல்ல வேண்டுமாம், கம்பெனிக்கு எழுதியிருக்கிறார்களாம். அவர்களுக்கும் ஆறுதல் செய்தி போயிருக்கும். பிறகு அவள் குரல் இறங்கியது. "அம்மாதானுங்க்கா. தூங்கும்போது வந்து என் காலைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறாங்க. சூடு இருக்குதான்னு."

தேதியை நான் கண்டுபிடித்தது என் சாமர்த்தியத்தால் இல்லை, பழக்கத்தால். இந்த ஊர்க்காரர்கள், இந்த ஊர் என்றால் ஈரோடு இல்லை, நாம் எல்லாரும்தான், சுவரில் கண்ணீர் அஞ்சலியைப் பார்த்தால் கழித்துப் பார்க்காமல் நகர மாட்டோம். பஸ் ஓடிக்கொண்டிருக்கும், ஜன்னல் வழியாகத் தோற்றம் தெரியும், மறைவு தெரியும், அடுத்த நிறுத்தத்துக்குள் விடை வந்துவிடும். அறுபத்தெட்டு, பரவாயில்லை, இருந்துட்டார். முப்பத்தொண்ணு, அடப்பாவமே, பைக்காத்தான் இருக்கும். யாரும் சொல்லிக்கொடுக்காத கணக்கு. அப்பா போனபோது அச்சகக்காரர் தோற்றம் சொல்லுங்க என்றார், எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மா, அவர் பொறந்தப்போ ஐப்பசி மழைன்னு சொல்வாங்க என்றாள். பள்ளிக்கூடச் சான்றிதழில் ஜூன் ஒன்று என்று இருந்தது, அந்தக் காலத்தில் எல்லாரும் ஜூன் ஒன்றில்தான் பிறந்தார்கள். கடைசியில் அதையே போட்டோம். மறுநாள் காலை தெருமுனையில் பசை ஈரம் காயாமல் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார், என் கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்த சிரிப்பு, அவர் தோளில் பாதி கை தெரிந்தது, அது என் மாமனார் கை. இரண்டு பேர் சைக்கிளை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்கள். எழுபத்தொண்ணு என்றார் ஒருவர். எனக்கு ஏனோ அது ஆறுதலாக இருந்தது, யாரோ ஒருவர் நின்று கணக்குப் போட்டாரே என்று. தாரணியின் படத்தையும் அப்படித்தான் பார்த்தேன். கழித்தேன். இருபத்தாறு, அடப்பாவமே. அதற்கப்புறம்தான், இரு இரு, இந்தத் தேதி இன்னும் வரவே இல்லையே என்று கண் அங்கேயே மாட்டிக்கொண்டது. முதுகில் ஏதோ ஊர்ந்தது. இப்போது நினைத்தாலும் ஊர்கிறது, இந்தக் குளிர்க் காற்றினால் இல்லை.

எங்கள் இயந்திரத்துக்குக் கழிக்கத் தெரியாது என்று சொல்ல மாட்டேன், கண் மூடித் திறப்பதற்குள் உலகத்தையே கழித்துவிடும். அதற்கு அந்தப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். ஒரு அம்மா தன் வாலுப் பையனின் படத்தைப் போட்டுக் கொன்னே போட்டுருவேன்டா உன்னை என்று கொஞ்சினால் ஓடி வந்து அழித்துவிடும். மாலை போட்டு, விளக்கேற்றி, இன்னாருக்கு இன்ன தேதி என்று பணிவாகக் குறித்து வைத்தால், செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். குடும்பத்தோடு பார்க்கத் தகுந்தது என்று முத்திரையும் குத்தும். அப்படிக் குத்தியதால்தான் பட்டுப்புடவை விளம்பரம் நம்பி வந்து அதன் கீழே உட்கார்ந்தது. முன்பெல்லாம் இதைப் பார்க்க ஆட்கள் இருந்தார்கள். எங்கள் மாடியிலேயே ஓர் அறை, தமிழ் பார்க்கிறவர்கள், சதா டீ குடித்துக்கொண்டு, சதா தலையில் அடித்துக்கொண்டு. புது முதலாளி கம்பெனியை வாங்கிய வாரத்தில் அந்த அறை காலியானது. அவர்கள் ஜன்னலில் வைத்திருந்த மணி பிளான்ட்டுக்கு இப்போது நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். முதலாளியை நான் நேரில் பார்த்ததில்லை. கடலுக்கு அந்தப்புறம் ஏதோ ஒரு மேடையில் நின்று பேசியதை எங்களையெல்லாம் உட்காரவைத்துக் காட்டினார்கள். யாரும் எதுவும் பேசலாம், யார் வாயையும் நான் மூட மாட்டேன் என்றார், கை தட்டினார்கள். மறு மூச்சில், விளம்பரம் கொடுப்பவர்கள் கவலைப்பட வேண்டாம், உங்கள் பொருள் அசிங்கத்துக்குப் பக்கத்தில் ஒருநாளும் நிற்காது, இது என் வாக்கு என்றார், அதற்கும் கை தட்டினார்கள். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மனிதர் பொய் சொல்லவில்லை. இரண்டு வாக்கையும் காப்பாற்றுகிறார். படம் இருக்கும், பட்டு மட்டும் அங்கிருந்து நகர்ந்துவிடும். நகர்த்துகிற கை என்னுடையது.

அந்தக் கையில்தான் கைப்பேசி இருக்கிறது. அனுமதி காலையிலேயே வந்துவிட்டது, கரூர் தாண்டும்போது... இல்லை, கரூர் இந்த வழியில் வராது, தூக்கக் கலக்கம், சங்ககிரி தாண்டும்போது. ஒரு பொத்தான். நாச்சிமுத்து சரி என்று ஒரு வார்த்தை சொன்னதும் நான் அதை அழுத்தினால் விளம்பரம் அந்தப் படத்தை விட்டு விலகிவிடும். விலகினால் புகார் முடிந்தது. புகார் முடிந்தால் சிவப்பு அணைந்துவிடும். விளம்பரதாரர் புகார் சொன்னால் எங்கள் அலுவலகத்தில் அந்தப் பதிவின் மேல் ஒரு சிவப்பு அடையாளம் விழும், சிவப்பு விழுந்ததை மட்டும் ஒரு மனிதர் திறந்து பார்த்தாக வேண்டும், மற்றதெல்லாம் இயந்திரத்தின் பாடு. தாரணியின் தலைக்கு மேலே எரிகிற ஒரே விளக்கு அந்தச் சிவப்புதான். பட்டுக்கடைக்காரர் கோபமாக இருக்கிறவரைக்கும் எரியும். அவரைச் சமாதானப்படுத்தத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கிற என் மேலதிகாரி விக்ராந்திடம் தேதியைச் சொன்னேன், மொழிபெயர்த்துச் சொன்னேன், படத்தில் வட்டம் போட்டு அனுப்பினேன். நல்ல மனிதர், பிள்ளைகுட்டிக்காரர், எனக்குப் பிறந்தநாள் வாழ்த்துத் தவறாமல் அனுப்புகிறவர். பதிவுகள் வேறு பிரிவு, விளம்பரம் வேறு பிரிவு, அடுத்த வீட்டு அடுப்பில் நீ ஏன் கை வைக்கிறாய் என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் இனிமையாக ஏதோ சொன்னார். உன் வாடிக்கையாளர் நிம்மதியாக வேண்டும், அதுதான் உன் வேலை. அதுதான் என் வேலை. வேலை போய்விட்டால் என்ன ஆகும் என்று சங்ககிரியிலிருந்து நினைத்துக்கொண்டே வருகிறேன். நாற்பத்து மூன்று வயதில் யார் எடுப்பார்கள், வீட்டுக் கடனை யார் கட்டுவார்கள், சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் அவர் என்ன சொல்லிக்கொண்டு காபி போடுவார். பயமாகத்தான் இருக்கிறது. சும்மா வீராப்புக்கு இல்லை என்று சொல்லி என்ன ஆகப்போகிறது.

பிரேமா இன்னொன்றை வீசுகிறாள். இது அரக்கு. அரக்கின் மேல் ஓரமாக ஒரு பச்சை ஓடுகிறது, ஓடிப்போய் என் முழங்காலைத் தொடுகிறது, குளிர்ச்சியாக, தண்ணீர் தொடுகிற மாதிரி. இது வாய்க்கால்தான். நான் படியில் உட்கார்ந்திருக்கிறேன், தண்ணீர் அரக்காகவும் மாம்பழ மஞ்சளாகவும் மடிப்பு மடிப்பாக வருகிறது, சரிகை மின்னுகிறது. அக்கரையில் யாரோ கொடி கட்டிக்கொண்டிருக்கிறார்கள், கொடியில் கைக்குட்டைக்குப் பதிலாக அப்பாவின் வெள்ளைச் சட்டைகள், அவர் எப்போது இவ்வளவு சட்டை வைத்திருந்தார். ஐயா இனிமேல் வராதுங்க என்கிறேன். யார் வராது, அப்பா கேட்கிறார். தண்ணீரா, அந்தப் பொண்ணா. விளம்பரம்ப்பா. ஓ, என்கிறார், அவருக்குப் புரியவில்லை, அவர் காலத்தில் விளம்பரம் என்றால் தினசரியில் கால் பக்கம். தண்ணீரிலிருந்து ஒரு கால் தெரிகிறது, பெண் கால், கொலுசு போட்ட கால், நான் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும், சூடு இருக்கிறதா என்று, கை நீட்டுகிறேன், எட்டவில்லை, இன்னும் கொஞ்சம், இலைக்குக் குறுக்கே நீட்டின கை மாதிரி இது எப்போதும் தப்பான இடத்திலேயே நிற்கிறது. கெட்டிமேளம். கெட்டிமேளம். எல்லாரும் அட்சதையை எறிகிறார்கள், நான் நிறுத்துங்கள் நிறுத்துங்கள் என்கிறேன், கல்யாணத்தில் நிறுத்துங்கள் என்று சொல்பவளை எல்லாரும் பார்ப்பார்களே, யாரும் பார்க்கவில்லை. "அக்கா. அக்கா. முதலாளி வந்துட்டாருங்க." பிரேமாவின் கைதான் என் காலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. என் கால் சூடாகத்தான் இருக்கிறது.

நாச்சிமுத்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் அழியாத குங்குமம், தூக்கம் கலைந்த குழந்தை முகம். விரித்த சேலைகளை ஒரு கையால் ஒதுக்கினார்.

"சாப்டீங்களா அம்மிணி?"

"ஆச்சுங்க ஐயா. ரொம்ப நல்லா இருந்துச்சு."

"அப்பச் சரி. நானும் நாலு நாளா சோறு எறங்காம இருந்தேன். கண்ணாலச் சீலை விக்கற கடைங்க இது. அந்த எழவு இனிமே வராதில்லீங்க? வராதுன்னு சொல்லிப்போட்டீங்கன்னா நான் பாட்டுக்கு என்ற வேலையைப் பாப்பேன்."

வாய்க்குள் தயாராக இருந்தது. இந்த வார்த்தையை எத்தனையோ முதலாளிகளிடம் சொல்லியிருக்கிறேன், நாக்குக்கு மனப்பாடம். சொன்னால் அவர் சிரிப்பார், ஒரு காபி வரும், ஒரு பையில் எனக்கு ஏதாவது போட்டுக் கொடுப்பார், சாயங்கால ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தால் தூங்கிக்கொண்டே போய்விடலாம். வெள்ளிக்கிழமை விடியும். எல்லா வெள்ளிக்கிழமையும்தான் விடிகிறது, ஒன்றும் நடக்காமல்கூடப் போகலாம், மிரட்டுகிறவர்கள் எல்லாரும் செய்துவிடுகிறார்களா என்ன.

"வரும்ங்க ஐயா," என்றேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. "இங்க பாருங்க, இதை அமுக்கினா வராது. நான் அமுக்கப்போறதில்ல."

"என்னுங்க?"

"அந்தப் படத்தை எடுக்கற வரைக்கும் உங்க சேலை அதுக்குக் கீழதான் வரும்."

அவருக்குக் கோபம் உடனே வரவில்லை, முதலில் ஆச்சரியம்தான் வந்தது. அப்புறம் வந்தது. "ஏனுங் அம்மிணி, சண்டை புடிக்கறதுக்கா மெட்ராஸ்ல இருந்து வந்தீங்க? நம்பிக்கைன்னு அட்டையில போட்டுக்கிட்டு..." நான் படத்தை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். "அதைய என்ற முன்னால நீட்டாதீங்க, வெளக்கு வெக்கற எடம்." நான் கையை இழுக்கவில்லை. "திட்டுங்க ஐயா, அப்புறமா எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. தேதியை மட்டும் பாத்துட்டுத் திட்டுங்க."

சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். மாட்டினார். உதடு அசைந்தது. ஊர் ஊராகத் துக்கத்துக்குப் போய் வருகிற மனிதர், எத்தனை ஆயிரம் படித்திருப்பார். "இருவத்தாறு," என்றார். "அடப்பாவமே." கண்ணாடியைக் கழற்றப் போன கை பாதியில் நின்றது. மறுபடி குனிந்தார். பக்கத்தில் நின்ற பிரேமாவும் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"புள்ள, இன்னைக்கு என்ன கெழமை?"

"புதனுங்க முதலாளி."

"இந்தப் புள்ள..." என்றார் என்னிடம். "உசுரோட இருக்குதுங்களா?"

"அவங்கதான் உங்க கடைக்குப் போன் பண்ணினதுங்க ஐயா."

நாச்சிமுத்து கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் இரக்கம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன், வந்தது. ஆனால் அதன் பின்னாலேயே பயமும் வந்தது, பயம்தான் பெரிதாக இருந்தது. "வெள்ளிக்கெழமை ஏதாச்சும் ஒன்னு ஆகிப்போச்சுன்னா இந்தப் படத்தை ஊரே பாக்குமே. போலீஸு பாக்கும். கீழ என்ற கடை பேரு இருக்குமே அம்மிணி. பொன்னாத்தான்னா யாருன்னு நெனைச்சீங்க? என்ற ஆத்தா." எனக்கு அந்தப் பயம் போதுமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக எதையும் நான் கேட்டு வரவில்லை. "போடுங்க போனை," என்றார். "உங்களுக்கு மேல எவன் இருக்கறானோ அவனுக்குப் போடுங்க."

விக்ராந்த் எடுத்ததும், முடிந்ததா, நகர்த்திவிட்டாயா என்று கேட்டார். இல்லை, வாடிக்கையாளர் சம்மதிக்கவில்லை என்றேன். பேசுங்க ஐயா என்று ஸ்பீக்கரில் போட்டுக் கைப்பேசியை மெத்தையில் சேலைகளுக்கு நடுவில் வைத்தேன். நாச்சிமுத்து கத்தினார். நான் கேட்டதிலேயே மிக நல்ல சத்தம் அது. படத்தைத் தூக்கோணும், இன்னைக்கே தூக்கோணும், போட்டவன் யாருன்னு போலீஸுக்குச் சொல்லோணும், இல்லீன்னா எங்க சங்கத்துல இருக்கற அத்தனை கடைக்காரனும் உங்களுக்குக் குடுக்கற விளம்பரத்தை நாளைக்கே நிறுத்துவோம். வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தேன், ஒரு சொல்லையும் மெதுவாக்கவில்லை. விக்ராந்த், பொறு பொறு என்றார். எங்கேயோ தட்டச்சு செய்கிற ஓசை கேட்டது. அந்தப் பெண்ணின் கணக்கு நினைவுக் கணக்காக இருப்பதால், அவளுடைய அஞ்சலிப் படத்தையும் உறவினர் கேட்டால்தான் எடுக்க முடியும் என்றார். இவர் அந்தப் பெண்ணுக்கு என்ன உறவு?

"என்ன சொல்றான்?"

"நீங்க அந்தப் பொண்ணுக்கு என்ன உறவுன்னு கேக்கறாருங்க ஐயா."

நாச்சிமுத்து கைப்பேசியைக் கையில் எடுத்தார். தாரணியின் படத்தை ஒரு தடவை பார்த்தார், அதன் கீழே விரலால் தள்ளித் தன் கடையின் பெயரைப் பார்த்தார்.

"என்ற ஆத்தா பேரு அந்தப் புள்ள காலடியில கெடக்குது," என்றார். "இதுக்கு மேல என்ன ஒறவு வேணும்னு கேளுங்க."

அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். விக்ராந்த் முதல் தடவையாக, அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டார்.